‘பாத்துக்கலாமுங்க’வுக்கு இங்கிலீஷில் என்ன?

செப்டம்பர் 4, திங்கள்

இந்த டைரியை நான் வாங்கவில்லை. எங்கள் எக்ஸ்போர்ட் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜர் ஜெயசீலன் சார் கொடுத்தது. தினமும் ஒரு இங்கிலீஷ் சொலவடை எழுத வேண்டுமாம். பொருள் எழுத வேண்டுமாம். சொந்த வாக்கியத்தில் அமைத்துக் காட்ட வேண்டுமாம். எனக்கு வயது முப்பத்தெட்டு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கு ஹோம்வொர்க்! சரி, சார் சென்னைக்காரர், இங்கிலீஷில் பிழைத்து வந்தவர். எதிர்த்துப் பேசக் கூடாது.

இன்றைய பாடம்: ஹிட் த கிரவுண்ட் ரன்னிங். அதாவது, கால் தரையில் பட்டதுமே ஓட்டம் பிடிப்பது. என் வாக்கியம்: கோகிலவாணி ஆகிய நான் விடிந்ததும் பால், குக்கர், டிபன் பாக்ஸ், சூலூர் பஸ் என்று பதினாறு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், யாரும் இதற்கு இங்கிலீஷில் பெயர் இருப்பதாகச் சொல்லவில்லை.

எக்ஸ்போர்ட் பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சாரும் நானும்தான். இதுவரை நான் டெஸ்பாட்ச் கேட்டில் வெயிலில் நின்று லாரிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். துருக்கியில் ஒரு கம்பெனி எங்கள் பம்பைக் கேட்டது. உடனே முதலாளி மாடியில் ஒரு ஏசி அறையை ஒதுக்கி என்னைத் தூக்கி அங்கே உட்கார வைத்தார். துருக்கிக்காரர்கள் வீடியோவில் பார்க்கப் பார்க்க எங்கள் பம்பை ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்தால் பெரிய ஆர்டர். பிடிக்காவிட்டால் அந்த அறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். நான் மறுபடியும் கேட்டுக்கு. எனக்கு அந்த ஏசி ரொம்பப் பிடித்திருக்கிறது. அதைவிட அந்த நாற்காலி.

செப்டம்பர் 7, வியாழன்

துருக்கிக்காரர்களோடு முதல் கால். வியாழன்தோறும் மத்தியானம் இனி இதுதான். அந்தப் பக்கம் நெர்மின் என்று ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். பின்னால் ஒரு பூனை நடந்து போனது.

நான் பேசவில்லை. என் மைக்கில் ஏதோ கோளாறு. மீட்டிங் நோட்ஸ் மட்டும் எழுதினேன்.

சார் பேசியது அருமை. நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு விடவில்லை. “லெட்ஸ் ஹிட் த கிரவுண்ட் ரன்னிங்” என்றார். என் வீட்டுப்பாடம்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. நெர்மின் பக்கத்தில் இருந்தவரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ பேசினார், முகம் லேசாகச் சுருங்கியது. பிறகு, “அக்டோபர் இருபத்து மூன்று, திங்கள்?” என்றார்.

“வி ஆர் ஆன் த சேம் பேஜ்!” என்றார் சார். இருவரும் ஒரே பக்கத்தைப் படிக்கிறோம், அதாவது ஒத்துப்போகிறோம் என்று அர்த்தம். நெர்மினும் தலையாட்டினார். பம்பு ஓட்டிக் காட்டத் தேதி குறித்தாகிவிட்டது.

செப்டம்பர் 8, வெள்ளி

சாரோடு டெஸ்ட் பெட்டுக்குப் போனேன். பம்பைத் தொட்டியில் மாட்டி ஓட்டிப் பார்க்கும் இடம் அது. அங்கே ஆறுச்சாமி அண்ணன் ராஜ்ஜியம். அவர் சுவிட்சைப் போட்டால்தான் இந்தக் கம்பெனியில் பம்பு ஓடும்.

“அக்டோபர் ட்வென்டி தேர்டு கஸ்டமர் லைவ்ல பாக்குறாங்க அண்ணா. ஓகேவா?” என்று சார் கேட்டார்.

அண்ணன் கையைத் துணியில் துடைத்தார். மேலே பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். “இருபத்தி மூணுங்களா... பாத்துக்கலாமுங்க சார்” என்றார்.

சாருக்கு ஒரே சந்தோஷம். படியேறும்போது, “கோகிலா, இந்த ஊரு ஜனங்க எவ்ளோ கோஆப்பரேட்டிவ் பாருங்க” என்றார். நான் படியை எண்ணிக்கொண்டே ஏறினேன். பாத்துக்கலாமுங்க என்றால் இந்தக் கம்பெனியில் என்னவென்று கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். பெண் பார்க்கப் போன இடத்தில் பிடிக்கவில்லை என்றால் பாத்துக்கலாமுங்க. கைமாத்துக் கேட்டால் பாத்துக்கலாமுங்க. மூஞ்சிக்கு நேராக முடியாது என்று சொல்வது எங்கள் பக்கம் மரியாதை இல்லை.

ஆனால் அண்ணன் எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்கிற ஆள். இதுவும் அப்படித்தான் இருக்கும், கடைசியில் செய்து கொடுத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். நோட்ஸில் ‘டெஸ்ட் பெட் ஈஸ் அலைன்டு’ என்று எழுதினேன். அலைன்டு என்ற சொல் எனக்குப் பிடித்துவிட்டது. பார்க்கவே இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 12, செவ்வாய்

என் தலையில் இடி. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, “ஆயுதபூசைக்கு இந்த வருசம் சேந்தாப்புல லீவு வருதாட்ட இருக்குது, எங்கியாச்சும் போலாமா?” என்று கேட்டார். காலண்டரைப் புரட்டினேன். அக்டோபர் இருபத்து மூன்று, திங்கள், ஆயுதபூஜை.

கோயமுத்தூரில் பிறந்து, பட்டறை ஊரில் வளர்ந்து, பம்பு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, இந்த ஒரு தேதியை நான் பார்க்கவில்லை. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கிரைண்டரில் அரைத்த மாவை வழித்துவைக்கக்கூட மறந்து தூங்கிவிட்டேன்.

செப்டம்பர் 13, புதன்

காலையில் முதல் வேலையாக அண்ணனிடம் ஓடினேன்.

“ஏனுங்ணா, ஆயுதபூசைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்லங்ணா?”

“சொன்னனே அம்மிணி.”

“எப்பங்ணா சொன்னீங்க?”

“பாத்துக்கலாமுங்கன்னு சொன்னனா இல்லியா? நீதான் பக்கத்துல நின்னியே!”

நின்றேன்தான்.

அண்ணன் எண்ணெய்க் கையோடு பேனல் போர்டைத் தட்டிக் காட்டினார். “வருசம் பூரா ராவும் பகலுமா ஓட்டறோம். ஒரு நா சந்தனம் வெச்சு, மால போட்டு, தொடாம உட்டு வெப்போம். அன்னிக்கு எவனாச்சும் சுவிச்சுல கை வெச்சா, அப்பறம் இந்த டெஸ்ட் பெட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிப்போடு. நான் வரமாட்டன்.”

இதில் பாத்துக்கலாமுங்க எதுவும் இல்லை. அண்ணன் நிஜமாகவே சொல்கிறார்.

செப்டம்பர் 14, வியாழன்

கால். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மைக் இன்றும் வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டர் பையனைக் கூப்பிட்டால் சரிசெய்து கொடுத்திருப்பான், பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை. சார், “இட்ஸ் ஆல் ஸ்மூத் செய்லிங்” என்றார். படகு அலையில்லாமல் போகிறதாம்.

அந்தப் பக்கம் ஒருவர் அவரை ‘நெர்மின் ஹானிம்’ என்று கூப்பிட்டார். ஹானிம் என்றால் என்னவென்று தேடிப் பார்த்தேன். பெண்களை மரியாதையாகக் கூப்பிடப் பெயரோடு சேர்த்துச் சொல்வதாம். நம்ம அம்மிணி! உலகம் முழுக்க அம்மிணிகள் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை எல்லாம் விரிந்துவிட்டது. மனசு சரியில்லை என்றால் மாவுக்குத் தெரிந்துவிடும் போல.

செப்டம்பர் 22, வெள்ளி

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சாரிடம் சொல்லிவிட்டேன். ஆயுதபூஜை, அண்ணன், சுவிட்ச், எல்லாம்.

சார் வெளிறிப்போனார். உடனே சமாளித்துக்கொண்டு, “வி வில் கிராஸ் தட் பிரிட்ஜ் வென் வி கம் டு இட்” என்றார். பாலம் வரும்போது தாண்டிக்கொள்ளலாமாம். பாலம் கண்ணுக்கு எதிரே நிற்கிறது சார், அதில் வாழைமரம் வேறு கட்டப் போகிறார்கள் என்று சொல்ல நினைத்தேன்.

“தேதிய மாத்தச் சொல்லிக் கேக்கலாமுங்க சார்” என்று மட்டும் சொன்னேன்.

“கஸ்டமர்கிட்ட முடியாதுன்னு சொல்லக் கூடாது கோகிலா. உங்களுக்குத் தெரியாது. முன்னாடி இருந்த கம்பெனியில ஒரே ஒரு தடவ சொன்னேன். அடுத்த மாசம் என் ஸீட்ல வேற ஆளு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

பிறகு பூஜையன்று பம்பை ஓட்டலாமா என்று முதலாளியிடம் போய்க் கேட்டுவிட்டு மலர்ந்த முகத்தோடு வந்தார். “எம்.டி. ஓகே சொல்லிட்டாரு.”

“என்ன சொன்னாருங்க சார்?”

“பாத்துக்கலாம்னாரு!”

ஐயோ, என் முருகா!

அக்டோபர் 5, வியாழன்

கால். நெர்மின் கண்ணுக்குக் கீழே கருவளையம். “பர்னிங் த மிட்நைட் ஆயில்” என்றார், ராத்திரியெல்லாம் விளக்கெரித்து வேலை செய்கிறார்களாம். சார் விடுவாரா? “வி ஆர் பெண்டிங் ஓவர் பேக்வர்ட்ஸ்!” என்றார். முதுகைப் பின்னால் வில்லாக வளைத்து உதவுகிறோமாம். போட்டி போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பாடு படுவதாகச் சொல்லிக்கொண்டார்கள். எதற்காக என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

சொல்ல ஆரம்பிக்கிற மாதிரி நெர்மின் ஒரு தடவை வாயைத் திறந்தார். பிறகு, “வி வில் கீப் யூ இன் த லூப்” என்று முடித்துவிட்டார். தகவல் சொல்லிக்கொண்டே இருப்போம் என்று பொருள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். எங்கே பார்த்தேன் என்றுதான் தெரியவில்லை.

மைக் பற்றிப் புதிதாக ஒன்றும் இல்லை.

அக்டோபர் 11, புதன்

சார் கதவைச் சாத்திவிட்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“திங்க் அவுட்சைட் த பாக்ஸ், கோகிலா. இருபத்தொண்ணு சனிக்கிழமையே பம்ப ஓட்டி வீடியோ எடுத்துடுவோம். திங்கக்கிழமை அதையே லைவ் மாதிரி போட்டுக் காட்டிடுவோம். அண்ணனுக்கும் பிரச்சனை இல்ல, அவங்களுக்கும் பிரச்சனை இல்ல. நீங்க பக்கத்துல இருந்து பிளே பட்டன மட்டும் அழுத்தணும்.”

ஏமாற்று வேலை! அந்தப் பூனைக்கார அம்மா கண் விழித்துக் கண் விழித்துப் பார்க்கக் காத்திருக்கிறாள், அவளுக்குப் பழைய வீடியோவைப் போட்டுக் காட்டுவதா? ஆனால் சார் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை. ஊரை ஏமாற்றுகிறவன் முகம் இல்லை அது. பரீட்சைக்குப் பயந்த பிள்ளையின் முகம்.

“என்ன சொல்றீங்க?”

“பாத்துக்கலாமுங்க சார்” என்றேன்.

“வெரி குட்!” என்று எழுந்து போய்விட்டார். ஒரு மாசமாக இந்த ஊரில் இருக்கிறார், இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போவதற்கு முன் அண்ணனிடம் போனேன். “அண்ணா, பூசை முடிஞ்சு சுவிச்சு எப்பப் போடுவீங்க?”

“மறுநா விஜயதசமி. காலைல நல்ல நேரம் பாத்துப் போடுவமல்ல. அன்னிக்கு ஓடற ஓட்டந்தான் அம்மிணி, வருசம் பூரா ஓடும்.”

“அதத் துருக்கிக்காரங்க பாக்கலாமுங்களா?”

அண்ணன் யோசித்தார். நான் பதறிப்போய்க் குறுக்கிட்டேன். “பாத்துக்கலாமுங்கன்னு மட்டும் சொல்லீராதீங்ணா. ஆமாவா, இல்லியா?”

“அட, பாக்கட்டுமே! நல்லா வந்து பாக்கட்டும்” என்று சிரித்துவிட்டார்.

அக்டோபர் 12, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதியே தீருவேன்.

கால் ஆரம்பித்தது. சார் வழக்கம்போல் ஆரம்பித்தார். “எவ்ரிதிங் ஈஸ் ஆன் டிராக் ஃபார் த ட்வென்டி தேர்டு.” எல்லாம் தண்டவாளத்தில் ஓடுகிறதாம். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு நெர்மின் தலையாட்டினார். அப்போதுதான் அந்த முகத்தை எங்கே பார்த்தேன் என்று புரிந்தது. வியாழக்கிழமை தவறாமல் என் கம்ப்யூட்டரில், மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் தெரிகிற முகம். என் முகம்தான்.

மைக் பட்டனை அழுத்தினேன். அது பாட்டுக்கு வேலை செய்தது.

“நெர்மின் ஹானிம்” என்றேன். என் குரல் எனக்கே யாரோ மாதிரி கேட்டது. என் இங்கிலீஷில் சொன்னேன். இலக்கணம் இருந்ததா தெரியாது. “இருபத்து மூன்று, முடியாது. அன்றைக்கு மெஷினுக்குப் பூஜை. மெஷினுக்கு லீவு. நாங்கள் தொட மாட்டோம். இருபத்து நான்கு காலை, நல்ல நேரம். அன்றைக்கு முடியும். முதலிலேயே சொல்லாதது தப்பு. ஸாரி.”

சார் என்னைப் பார்த்த பார்வை! நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. போச்சு, ஏசியும் போச்சு, நாற்காலியும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். நெர்மின் அசையாமல் இருந்தார். லைன் கட்டாகிவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. பூனை மட்டும் வாலை ஆட்டியது.

பிறகு அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷ் மாதிரியே இருந்தது. சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்:

“இருபத்து மூன்று எங்கள் தேதியே இல்லை. எங்களுக்கு நவம்பர்தான் வசதி. மிஸ்டர் ஜெய் முதல் நாளே ஓடு ஓடு என்றார், உங்களுக்கு அவசரம் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொன்னால் ஆர்டர் எடுக்க மாட்டீர்களோ என்று பயம். அதற்குள் பரிசோதனைப் பட்டியலை முடிக்க என் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகூட வேலை செய்கிறார்கள். இருபத்து இரண்டாம் தேதி என் தங்கைக்கு நிச்சயதார்த்தம், வேறு ஊரில். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசுவதில்லை.”

“இருபத்து நான்கு என்றால்?” என்று கேட்டேன்.

“அந்த ஒரு நாள் போதும்! நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு வந்துவிடுவேன்! அலையாமல் வந்துவிடுவேன்! கோகிலா ஹானிம், நீ நல்லா இருக்கணும்!” கடைசியில் சொன்னது துருக்கி பாஷையில். எனக்கு அப்படித்தான் கேட்டது.

கால் முடிந்ததும் சார் எழுந்து வெளியே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. முதலாளி அறைக்குத்தான் போயிருக்கிறார், என் சீட்டைக் கிழிக்கத்தான் என்று டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது கையில் இரண்டு டீ.

“நான் மூணு வருஷமா ஒருத்தர்கிட்டயும் முடியாதுன்னு சொன்னதில்ல கோகிலா” என்றார். “என் வொய்ஃப் கிட்டகூட.”

“அது நல்லதுதானுங்க சார்” என்றேன். சிரித்துவிட்டார். வீடியோ பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டீயில் சர்க்கரை தூக்கல்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுதபூஜை. கழுவித் துடைத்த டெஸ்ட் பெட் புதுப்பெண் மாதிரி இருந்தது. பேனல் போர்டுக்குச் செவ்வந்தி மாலை. அண்ணன் என் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்தார். “மைக்குக்கும் ஒரு பொட்டு வெச்சுருங்ணா” என்றேன். சார் வேட்டி கட்டி வந்திருந்தார், நடக்கத்தான் தெரியவில்லை. பொரியும் கடலையும் தின்று தின்று வயிறு கல்லாகிவிட்டது.

நெர்மின் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். தங்கையும் அவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு.

அக்டோபர் 24, செவ்வாய், விஜயதசமி

காலையில் நல்ல நேரத்துக்கு எல்லாரும் டெஸ்ட் பெட்டில் கூடிவிட்டோம். சுவரில் பெரிய டிவி, அதில் நெர்மின், கையில் டீ கிளாஸ். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. முதலாளி பட்டு வேட்டியில் முன்வரிசையில் நின்றார். அண்ணன் கற்பூரம் காட்டினார். நெர்மின், அது எதற்கு என்று கேட்டார். “சாமி கும்பிடறோம், பம்பு நல்லா ஓடணும்னு” என்று நான் நேராகவே சொன்னேன். அவரும் உள்ளங்கையை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் சுவிட்சைப் போட்டார். பம்பு ஒரு முனகல் முனகியது. பிறகு தண்ணீர் பாய்ந்தது பாருங்கள்! குழாயிலிருந்து தொட்டிக்குள் தூணாக விழுந்தது. கேஜின் முள் அவர்கள் கேட்ட இடத்தைத் தாண்டிப் போய் நின்றது, ஆடவே இல்லை. அதட்டுவதற்கென்றே வாய் வைத்திருக்கும் அண்ணன் வாயெல்லாம் பல்.

நெர்மின் அவருடைய ஆட்களோடு பேசினார். திரும்பி, “ஆர்டர் உங்களுக்குத்தான். அறுநூறு பம்பு. டிசம்பர் கடைசிக்குள் அனுப்ப முடியுமா?” என்று கேட்டார்.

அறுநூறா! முதலாளி சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், “யெஸ், யெஸ், டிசம்பர் ஓகே!” என்று சொல்லிவிட்டார்.

எங்கள் எல்லாருக்கும் தெரியும், டிசம்பருக்குள் அறுநூறு நடக்காது. அண்ணன் மேலே பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். வாயைத் திறந்தார் என்றால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நான் மைக் பக்கம் கையை நீட்டினேன். ஆனால் முதலாளி பேச்சை மறுத்து, அதுவும் கஸ்டமர் முன்னால், நான் எப்படிப் பேசுவது? கையை இழுத்துக்கொண்டேன்.

அப்போது என் பக்கத்தில் ஒரு குரல். “முடியாதுங்க, அய்யா.”

ஜெயசீலன் சார்! வேட்டி முனையை ஒரு கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். முதலாளி திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

சார் டிவியைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார். பாலம், படகு, தண்டவாளம் எதுவும் இல்லை. “நோ, மேடம். டிசம்பர் நாட் பாசிபிள். ஜனவரி ட்வென்டி. தட் வி கேன் டூ.”

நெர்மின் டீயை ஒரு வாய் குடித்தார். “ஜனவரி இருபது, எனக்குச் சம்மதம்” என்றார். “தேங்க் யூ, மிஸ்டர் ஜெய். இன்றைக்குத்தான் நீங்கள் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது.”

முதலாளி சாரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. “ஏனுங் ஜெயசீலன், இத மொதல்லியே பேசறதுக்கென்னுங்க!”

அடக்க முடியவில்லை. சின்ன வயதில் கற்றது, கல்யாணத்துக்குப் பிறகு செய்ததே இல்லை. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்துவிட்டேன். கூரைத் தகரம் அதிர்ந்தது. நெர்மின் கையிலிருந்த டீ தளும்பியது.

“அம்மிணி! எடம் பொருள் தெரியாம!” என்று ஆறுச்சாமி அண்ணன் அதட்டினார். அதட்டிவிட்டு முதலாளியை ஒரு கண் பார்த்தார், சாரை ஒரு கண் பார்த்தார், அவரும் ஒன்று அடித்தார்.